சுடுகேணிக்குப் போன கிழமை

3 ஒக்டோபர் 2014, வெள்ளி

விடியத் தொடக்கம் மழை. லீவுக்கு முன்னம் கடைசி வேலைநாள். பெரிய சுறா ஒண்டு வந்து கிடந்தது, வெட்டி முடிய மத்தியானம். வலது தோள் நோ. முதலாளி சொல்லுறார், பரிசிலை லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெரு ரூ பிலிப்-து-ஜிரார் முழுக்கத் தேடினாலும் என்னைப்போலை மீன் வெட்ட ஒரு ஆம்பிளை இல்லையாம். சொல்லிப்போட்டு இன்னொரு பெட்டி மீன் இறக்கினார்.

பின்னேரம் கடைக்கு முன்னாலை அடிபாடு. இரண்டு பெடியள் ஒருத்தனைத் துரத்திக்கொண்டு வந்து, எங்கடை ஷட்டரோடை சேர்த்து வைச்சு இரும்புக் கம்பியாலை அடிச்சாங்கள். முதலாளி ஷட்டரை முழுக்க இழுத்து விட்டார். பிறகு தகரத்திலை சத்தம் மட்டும். உள்ளுக்கு நிண்ட மனிசி ஒருத்தி, "தம்பி, என்ர இறாலைக் கெதியா நிறுத்துத் தாரும், எனக்கு பஸ் போயிடும்."

அம்புலன்ஸ் போன பிறகு தகரத்தைக் கழுவினது நான். மீன் கழுவுற அதே குழாய், அதே தும்புக்கட்டை.

முழுக்கைச் சட்டைதான் இந்தக் கிழமையும். இடது மேல்கையிலை பச்சை மாறி மஞ்சளாகுது. போன ஞாயிறு சோறு குழைஞ்சதுக்கு.

நாளைக்கு அமெரிக்கா. தங்கச்சி நளினி எத்தினை வருசமாக் கூப்பிடுறாள். நான் தனியப் போறதெண்டுதான் யோசிச்சது. இவர், "தனியப் போக நீ என்ன வெள்ளைக்காரியோ" எண்டு தனக்கும் ரிக்கற் போட்டார்.

கொண்டுபோக: மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி, பிரஷர் குளிசை (இவற்ர), குளிக்கிறதுக்குக் கறுப்பு ரீசேட். கடைசிச் சாமான் இவருக்குத் தெரியாது. நளினி எங்கையோ பாலைவனத்திலை சுடுதண்ணி ஊற்றுக்குக் கூட்டிக்கொண்டு போறாளாம்.

அபிக்குப் பள்ளிக்கூடம். சென் தெனியிலை மாமி வீட்டிலை நிப்பாள். மாமி எண்டது இவற்ர அக்கா. பையைக் கொண்டு வெளிக்கிடேக்கை, "கவனமா இரு, பிள்ளை" எண்டன். குனிஞ்சு சப்பாத்துக் கட்டிக்கொண்டே பிரெஞ்சிலை சொன்னாள்: "கவனமா இருக்கவேண்டியது நீங்கள்." பதினைஞ்சு வயது. நிமிர்ந்து பார்க்கேல்லை.

5 ஒக்டோபர், ஞாயிறு. அமெரிக்கா, ரீனோ, நளினி வீடு

வெயில். ஆனால் குளிர். காத்திலை ஈரமே இல்லை, உதடு வெடிச்சு உப்புக் கரிக்குது.

நளினி மெலிஞ்சிட்டாள். தலைமயிரைக் கட்டையா வெட்டியிருக்கிறாள். வயதுபோன ஆக்களைப் பார்க்கிற இல்லம் ஒண்டிலை வேலை. புருசனை விட்டு ஐஞ்சாறு வருசம், தனிய இருக்கிறாள், பெரிய ஜீப் ஓடுறாள். எயார்போட்டிலை கட்டிப்பிடிச்சு அழுதாள். இடது கை நொந்தது. காட்டிக்கொள்ளேல்லை.

இவர் வந்த நேரம் தொடக்கம் ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு. ஆம்பிளை இல்லாத வீடு இப்பிடித்தான் கிடக்குமாம். பொம்பிளை ஜீப் ஓடினால் இப்பிடித்தான் பிரேக் பிடிப்பாளாம். நளினி, "ஓம் அத்தான், ஓம் அத்தான்" எண்டு சிரிக்கிறாள். நானும் சிரிச்சுப்போட்டன்.

அதுக்கு: நளினி குளிச்சுக்கொண்டிருக்கேக்கை, குசினியிலை என்ர கழுத்தைப் பிடிச்சுச் சுவரோடை வைச்சார். "என்ன கண்டறியாத சிரிப்பு?" அங்காலை தண்ணி நிண்ட சத்தம் கேட்டது. கையை எடுத்தார். பிறகு மூண்டு பேரும் இருந்து தோசை சாப்பிட்டம். சம்பல் நல்லா இருக்காம்.

7 ஒக்டோபர், செவ்வாய்

நாளைக்கு வெளிக்கிடுறம். கூடாரம், போர்வை, தண்ணிக் கான்கள், பாண், ரின்மீன். போற இடத்திலை கடையும் இல்லை, போனும் வேலை செய்யாதாம்.

நளினி கேட்டாள்: "அக்கா, நீ ஏன் எப்பவும் முழுக்கை?" மீன்கடையிலை குளிர், அப்பிடியே பழகிப்போச்சு எண்டன். இஞ்சை என்ன மீன் கிடக்கு எண்டு கேட்டாள். வெங்காயம் உரிச்சன்.

8 ஒக்டோபர், புதன். கூடாரத்திலை

வெள்ளன வெளிக்கிட்டது. தார் ரோட்டு முடிய இவர் தான் ஓடுறதெண்டு நிண்டார். நளினி சாவியைக் குடுத்தாள். கல் ரோட்டு, பின்னாலை ஒரே புழுதி.

மரமெண்டு ஒண்டும் இல்லை. முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் பற்றை, கண் எட்டுற வரைக்கும். அங்காலை வெள்ளை உப்புத் தரை, அதுக்கும் அங்காலை மொட்டை மலை. நல்ல உயரம், காது அடைக்குது. மனுசரைக் காணேல்லை. மாடு கொஞ்சம்.

முயல் ஒண்டு குறுக்கை வந்தது. நீட்டுக் காது. அது நடு ரோட்டிலை நிண்டிட்டுது. பிரேக் பிடிக்க இடம் இருந்தது. இவர் பெடலை இன்னும் அமத்தினார். டக்கெண்டு ஒரு சத்தம் அடியிலை. "பார்த்தியே?" எண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சார். நளினி பின்சீற்றிலை இருந்து, "நிப்பாட்டுங்கோ அத்தான், நான் ஓடுறன்." நிப்பாட்டேல்லை.

பின்னேரம் வந்து சேர்ந்தம். மலை அடிவாரத்திலை நிலம் புகையுது. கூழ்முட்டை மணம். மேலை ஊற்றுக்கண். கிணறுமாதிரி வட்டம், நீலம், அடியிலை இருந்து குமிழ் குமிழா வருகுது. சுத்திவரக் கயிறு, சிவப்பு எழுத்திலை பலகை. அங்கையிருந்து ஒரு வாய்க்கால் கீழை இறங்கி, வேறை பச்சைத் தண்ணியோடை கலந்து, கல் அடுக்கின கேணி ஒண்டுக்கை விழுகுது. குளிக்கிறது அந்தக் கேணியிலை மட்டும். நளினி இரண்டுதரம் சொன்னாள்: "மேலை கண்ணுக்கும் வாய்க்காலுக்கும் கிட்டப் போகாதேங்கோ. முந்தி ஒரு மாட்டுக்கண்டு விழுந்து, எலும்புதான் எடுத்தவை."

எனக்குக் கன்னியா ஞாபகம். திருகோணமலையிலை ஏழு கிணறு, வாளியாலை அள்ளி ஊத்தினது. அது இதுக்கு முன்னாலை வெறும் இளஞ்சூடு.

கேணிக்கை ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும். உடுப்பு ஒரு துண்டும் இல்லை. எங்களைக் கண்டு கை காட்டிச்சினம். கிழவி எழும்பி நிண்டே கை காட்டினா. நான் மற்றப்பக்கம் பார்த்தன். நளினிக்குச் சிரிப்பு அடக்க ஏலேல்லை, "இஞ்சை அப்பிடித்தான் அக்கா, ஒருத்தரும் பார்க்கமாட்டினம்." இவற்ர முகம் கறுத்தது. கூடார முளையைக் கல்லாலை அடிக்கேக்கை கல் உடைஞ்சு பறந்தது.

இண்டைக்கு ஒருத்தரும் இறங்கேல்லை. நாளைக்கு விடிய நான் இறங்கப்போறன். என்ன வந்தாலும்.

11 ஒக்டோபர், சனி. ரீனோ

இரண்டு கையிலும் கட்டு. வலது கை விரல் நுனி மட்டும் வெளியிலை. எழுத்துக் கோணல். எழுதாட்டில் தலை வெடிச்சிடும்.

வியாழன் விடிய நல்ல குளிர், போத்தல் தண்ணியிலை ஐஸ். இவர் நித்திரை. நானும் நளினியும் கேணிக்குப் போனம். கறுப்பு ரீசேட்டும் அரைக்காற்சட்டையும். காலை வைக்கத் தண்ணி கடிச்சது, பிறகு இடுப்பு, பிறகு கழுத்து. வாழ்க்கையிலை என்ர எலும்பு அப்பிடி இளகினதில்லை. மீன் வெட்டின நோ எல்லாம் போகுது. கிழவியும் மற்றக் கரையிலை இருந்தா. கிழவன் தங்கடை பிக்கப்புக்குப் பக்கத்திலை கோப்பி போட்டுக்கொண்டு நிண்டார், உடுப்போடை.

அரைக்கை எண்டது எனக்கு மறந்து போச்சு.

கிழவி நளினிக்கு இங்கிலீசிலை மெல்ல ஏதோ சொன்னா. நளினி கிட்ட வந்து என்ர கையைத் தண்ணிக்கு மேலை தூக்கினாள்.

"இது என்ன?"

"கடைக் கதவு அடிச்சது."

"கதவுக்கு நாலு விரல் இருக்கோ, அக்கா?"

என்ர ரீசேட் கழுத்தை இழுத்துப் பார்த்தாள். குசினிச் சுவரிலை வைச்சதின்ர தடம் அங்கை இருந்தது. அவள் அழேல்லை. "எவ்வளவு காலமா?" அபி பிறக்க முந்தி இருந்து எண்டன். முதல்தரம் வாயாலை சொன்னது. சுடுதண்ணிக்கை இருந்து சொன்னது.

அப்ப இவர் மேலை வந்து நிண்டார்.

"ஏறு வெளியாலை."

நளினி: "அத்தான், அவ குளிக்கட்டும்."

"உன்னோடை கதைக்கேல்லை. நீ அவிழ்த்துப் போட்டிட்டுத் திரியிற நாய். நீ ஏறடி."

நான் எழும்ப முந்தியே தலைமயிரைப் பிடிச்சிட்டார். கல்லுக்கு மேலாலை இழுத்தார். முழங்கால் இரண்டும் உரிஞ்சது. கிழவி கத்தினா. இவர் என்னை வாய்க்கால் ஓரமா மேலை கூடாரப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார், நான் பாதி நடந்து பாதி தவண்டு. நளினி ஓடிவந்து இவற்ர கையைப் பிடிச்சுக் கடிச்சாள். இவர் மற்றக் கையைப் பொத்தி அவளின்ர முகத்திலை குத்தினார். முருங்கைக்காய் முறிஞ்ச சத்தம். அவள் இருந்திட்டாள். மூக்கால் ரத்தம், வாய்க்கை, கழுத்திலை, ரீசேட்டிலை.

என்னைக் குத்தேக்கை ஒரு நாளும் எனக்கு அப்பிடி ஆத்திரம் வந்ததில்லை. இவர் நளினியைப் பார்த்துக்கொண்டு நிண்டார், என்ர மயிர் இன்னும் இவற்ர கையிலை. இவருக்குப் பின்னாலை வாய்க்காலின்ர ஆவி. நான் எழும்பி இரண்டு கையையும் நெஞ்சிலை வைச்சுத் தள்ளினன். சுறா தூக்குற கை. என்ர மயிர் ஒரு பிடி இவரோடை போச்சு.

வாய்க்காலுக்கை இரண்டு காலும் முழங்கால் வரைக்கும். முதல் சத்தமே வரேல்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பிறகுதான் வந்தது. அப்பிடி ஒரு சத்தம் நான் 2009இலை போனிலை கேட்டனான், ஊரிலை சண்டையின்ர கடைசி நாளுகளிலை, ஆரோ பின்னாலை கத்த. அதுக்குப் பிறகு அண்டைக்கு.

எழும்பப் பார்த்துத் திரும்ப வழுக்கினார். நான் குனிஞ்சு தொடைக்குக் கீழை பிடிச்சு இழுத்தன். என்ர கை தண்ணிக்கை போனது எனக்குத் தெரியேல்லை. கரையிலை போட்ட பிறகுதான் நெருப்பு. நளினி ரத்தத்தோடையே வந்து, கொண்டுபோன குடிதண்ணி முழுக்க இவற்ர காலிலை ஊத்தினாள், பிறகு என்ர கையிலை. இவற்ர கால் சொக்ஸைக் கழட்டத் தோல் சேர்ந்து வந்தது. அவித்த தக்காளித் தோல்மாதிரி.

கிழவனும் கிழவியும் பிக்கப்பை எடுத்துக்கொண்டு முன்னாலை பறந்தினம், போன் பிடிக்கிற இடம் தேடி. நாங்கள் பின்னாலை. நளினி மூக்கிலை துணியைத் திணிச்சுக்கொண்டு ஜீப் ஓடினாள். பின்சீற்றிலை இவற்ர கால் என்ர மடியிலை. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கத்தல். கத்தி முடிய என்ர மணிக்கட்டைப் பிடிச்சு முறுக்குவார். வெந்த கை. "வழுக்கி விழுந்தனான் எண்டு சொல்லு. விளங்குதே? நான் தானா விழுந்தனான். மாறிச் சொன்னியோ, பரிசிலை உன்னை வைச்சுக் கொளுத்துவன்." திரும்பத் திரும்ப. நான் காலை ஆடாமல் பிடிச்சுக்கொண்டு இருந்தன். நளினி கண்ணாடியாலை எங்களைப் பார்த்துக்கொண்டு ஓடினாள்.

தார் ரோட்டிலை ஹெலிகொப்டர் வந்து நிண்டது. இவரை ஏத்திக்கொண்டு போச்சு. நாங்கள் பின்னாலை ஜீப்பிலை போனம்.

ஆஸ்பத்திரியிலை ஒரு பொலிஸ்காரி. என்ர வயதுதான் இருக்கும். நளினியின்ர மொழிபெயர்ப்பு வேண்டாமாம், அவளும் அடிபட்ட ஆள். மேசையிலை ஒரு போனை வைச்சா. அதுக்குள்ளாலை ஒரு தமிழ்ப் பொம்பிளை, மெட்ராஸ் தமிழ்.

"வணக்கம் மேடம். நீங்க சொல்றத அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுவேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். சொல்லுங்க, என்ன ஆச்சு?"

இவர் பக்கத்து அறையிலை வழுக்கி விழுந்ததெண்டு சொல்லியாச்சாம். கிழவி தான் கண்டதைச் சொல்லியாச்சாம்.

போனிலை அந்தப் பொம்பிளை மூச்சு விடுறது கேட்டது. அவசரப்படுத்தேல்லை.

"நான்தான் தள்ளினனான்" எண்டன். "அவர் என்னை மயிரிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவர். தங்கச்சிக்குக் குத்தினவர். அதாலை தள்ளினனான்."

அவ இங்கிலீசிலை சொன்னா. பொலிஸ்காரி எழுதினா. பிறகு, இது முதல்தரமோ எண்டு கேட்டா. நான் சட்டைக் கழுத்தை விலத்திக் காட்டினன். அதுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படேல்லை.

போனை வைக்க முந்தி அந்தப் பொம்பிளை தமிழிலை, "உடம்ப பாத்துக்கங்க மேடம்." பொலிஸ்காரி என்ன சொன்னது எண்டு கேட்டா. அவ அதையும் இங்கிலீசிலை சொன்னா.

13 ஒக்டோபர், திங்கள்

காத்து. ஜன்னல் எல்லாம் புழுதி.

அவருக்கு இரண்டு காலிலும் தோல் ஒட்டவேணுமாம். நடப்பாராம், ஆனால் கனநாள் எடுக்கும். நளினிக்கும் எனக்கும் அடிச்சதுக்கு வழக்கு. நீதிமன்றம் சொல்லும்வரை அவர் எங்களுக்குக் கிட்ட வரக்கூடாது, கதைக்கக்கூடாது. என்னிலை வழக்கு இல்லை எண்டு பொலிஸ்காரி வந்து சொன்னா. நான் தலையாட்டினன்.

நளினியின்ர மூக்கு ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. இரண்டு கண்ணும் நாவல்பழம். கண்ணாடியைப் பார்த்து, "இப்பதான் அக்கா தங்கச்சி எண்டு தெரியுது" எண்டாள். இரண்டு பேரும் சிரிச்சம், அவளுக்கு நொந்து திரும்ப ரத்தம் வந்திட்டுது.

மச்சாள் போன் எடுத்தா, சென் தெனியிலை இருந்து. அவர் ஆஸ்பத்திரியிலை இருந்து சொல்லியிருக்கிறார். "என்ர தம்பியை உயிரோடை அவிச்சுப்போட்டியேடி. லா ஷப்பல் முழுக்கத் தெரியும். நீ வந்து இறங்கு, உன்னை நான் துண்டு துண்டா வெட்டுறன்." அபியோடை கதைக்கவேணும் எண்டன். வைச்சிட்டா.

நளினி இஞ்சை நில்லு எண்டு கெஞ்சுறாள். அபி அந்த வீட்டிலை. ரிக்கற்றை முன்னுக்கு மாத்தினது.

இரக்கம் வருகுதோ எண்டு பார்த்தன். கால் என்ர மடியிலை கிடந்த பாரம் ஞாபகம் வருகுது, அவ்வளவுதான். பிறகு அவற்ர வாய் திறந்தபடி நிண்டது. அது வரேக்கை எழும்பி ஏதும் வேலை செய்யிறன்.

16 ஒக்டோபர், வியாழன். பரிஸ்

தூறல். எயார்போட்டிலை இருந்து நேரே சென் தெனி. பெட்டியைத் தள்ள ஏலாமல் ஒரு அல்ஜீரியக்காரன் தூக்கித் தந்தான்.

மச்சாள் கதவைத் திறந்ததும் அறைஞ்சா. காது இரைஞ்சது. பிறகு தாலிக்கொடியைப் பிடிச்சு முறுக்கினா. "என்ர தம்பி கட்டினது, கழட்டடி. கழட்டிப்போட்டுப் போ." கொடி கழுத்தை அறுக்குது, எனக்குக் கை தூக்க ஏலாது. படிக்கட்டிலை ஆக்கள் எட்டிப் பார்க்கினம்.

அபி அறையிலை இருந்து வந்தாள். தோளிலை பை, கட்டின சப்பாத்து. ஏற்கனவே வெளிக்கிட்டு நிண்டிருக்கிறாள். மாமியின்ர கையைப் பிடிச்சாள். "லாஷ்-லா" எண்டாள். விடுங்கோ அவவை எண்டு. மெல்லத்தான் சொன்னாள். மாமி விடேல்லை. அபி விரலை ஒவ்வொண்டாப் பின்னுக்கு வளைச்சாள், மாமி கத்தும் வரைக்கும். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக் கிடந்தது. தகப்பன்ர தாடை, அப்பிடியே.

ரெயினிலை பெட்டி அவளின்ர காலுக்கிடையிலை. வீட்டுக்கு வந்து கொடியை நானே கழட்டி மேசை லாச்சியிலை போட்டன். கழுத்திலை சிவப்புக் கோடு.

17 ஒக்டோபர், வெள்ளி

பொலிஸுக்குப் போய் முறைப்பாடு எழுதினது. ரீனோ பேப்பருகளின்ர கொப்பி குடுத்தன். அபிதான் பிரெஞ்சிலை சொன்னாள், எனக்குத் தெரியாததையும் சொன்னாள். சின்னனிலை கட்டிலுக்குக் கீழை இருந்து எண்ணினவளாம், சத்தம் நிக்கும்வரை. எழுதின பொலிஸ்காரன் ஒருக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

கதவுப் பூட்டு மாத்த ஆள் நாளைக்கு வரும்.

கடைக்குப் போனன், கை ஆற இன்னும் நாள் எடுக்கும் எண்டு சொல்ல. நண்டு வாங்க நிண்ட இரண்டு பேர், "உவதானே? புருசனை அவிச்சவ?" "ஓம், உவதான்." எனக்குக் கேக்கவெண்டே. முதலாளி அவையின்ர நண்டைத் திரும்பப் பெட்டிக்கை கொட்டினார். "அண்ணை, நண்டு முடிஞ்சுது" எண்டார். பெட்டி நிறைய நண்டு ஊருது.

18 ஒக்டோபர், சனி

மழை விட்டிருக்கு. பூட்டு மாத்தியாச்சு. புதுத் திறப்பு அபிக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. நளினி போன் எடுத்தாள், மூக்கை நிமித்தப் போறாளாம்.

பின்னேரம் அபி புட்டு அவிச்சாள். கொஞ்சம் கல்லு. கட்டோடை சாப்பிட ஏலாது, அவள் கறி விட்டுக் குழைச்சுத் தீத்தினாள். இரண்டு வாய் தீத்திப்போட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், இந்தமுறை தமிழிலை:

"அம்மா, அப்பாவுக்குப் பின்னாலை சுடுதண்ணி இருந்தது உங்களுக்குத் தெரியுமோ?"

பொலிஸ்காரி கேக்கேல்லை. நளினி கேக்கேல்லை. இங்கத்தைப் பொலிஸும் கேக்கேல்லை.

"தெரியும்" எண்டன்.

அவள் மீன்துண்டிலை முள் பார்த்து எடுத்துப்போட்டு, அடுத்த வாயைக் குழைச்சாள்.